உறுதிமொழியில் ஒரு சொல்

நுழையும்முன்

சாரணர் இயக்கம் என்றவுடன் முடிச்சுகளும் கூடாரங்களும் முதலுதவியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், சீருடையில் இயக்கத்தின் சின்னத்தை அணிவதற்கு முன்பு ஒவ்வொரு சாரணரும் ஓர் உறுதிமொழியைக் கூற வேண்டும். அவ்வுறுதிமொழி குறிப்பிடும் முதற்கடமை கடவுளுக்கு உரியது. பல சமயத்தவரும் எச்சமயத்தையும் சாராதவரும் சேர்ந்து வாழும் உலகில் அச்சொல்லை ஓர் இளைஞர் இயக்கம் எவ்வாறு கையாண்டது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பள்ளியின் சாரணர் படையில் புதிதாகச் சேரும் மாணவர் உடனே சாரணர் ஆகிவிடுவதில்லை. சில மாதங்கள் அவர் பயிற்சி பெறுகிறார். சாரண விதிகளைப் பொருளுணர்ந்து படிக்கிறார். இயக்கத்தின் வரலாறு, வணக்கம் செலுத்தும் முறை, இடக்கை குலுக்கும் வழக்கம் ஆகியவற்றை அறிந்துகொள்கிறார். அதன்பின் ஒருநாள் படையினர் அனைவரும் சூழ்ந்து நிற்க, கொடியின்முன் வந்து, வலக்கையின் மூன்று விரல்களை உயர்த்தி உறுதிமொழி கூறுகிறார். அம்மூன்று விரல்களும் உறுதிமொழியின் மூன்று பகுதிகளைக் குறிக்கும். கடவுளுக்கும் நாட்டிற்கும் ஆற்றும் கடமை ஒன்று. பிறர்க்கு உதவுதல் மற்றொன்று. சாரண விதிக்குக் கீழ்ப்படிதல் இன்னொன்று. இவற்றை இயன்றவரை முயன்று செய்வதாக அவர் தம் மானத்தின்மீது ஆணையிட்டுச் சொல்கிறார்.

பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் உறுதிமொழியில் கடவுள் என்னும் சொல்லை அடுத்து ஒரு சிறு உடுக்குறி இடப்பட்டிருக்கும். விரும்புவோர் அச்சொல்லுக்கு மாற்றாகத் தருமம் என்னும் சொல்லைப் பயன்படுத்தலாம் என்பது அதற்குரிய அடிக்குறிப்பு. அடிக்குறிப்புகளைப் படிக்காமல் கடந்துவிடுவது நம்மிடையே பரவலான பழக்கம். ஆயினும், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலக நாடுகள் பலவற்றில் நடந்துவரும் நீண்ட வாதம் ஒன்றுக்கு அந்த ஒரு வரியில் விடை அடங்கியுள்ளது.

வாதத்தின் வேர் உறுதிமொழியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. சாரணர் ஒருவர் நம்பத்தக்கவர் என்பதே சாரண விதிகளுள் முதலாவது. மானத்தின்மீது ஆணையிட்டவர் மனத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லலாகாது. கடவுள் நம்பிக்கை இல்லாத மாணவர் ஒருவர், மற்றவர்கள் சொல்கிறார்களே என்று தாமும் அச்சொல்லைச் சொல்லிவிட்டால், சாரணராகும் அந்நொடியிலேயே முதல் விதியை மீறியவர் ஆகிறார். சொல்ல மறுத்தால் இயக்கத்திற்கு வெளியே நிற்க நேரிடும். மறுபுறம், இறைவனை வணங்குவதையே வாழ்வின் அடித்தளமாகக் கொண்ட மாணவரிடம் அச்சொல்லை நீக்கிவிட்டோம் என்று கூறினால், அவர் தம் நம்பிக்கையை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று கூறியதாகிவிடும். இருவரும் நேர்மையானவர்களே. இருவருக்கும் ஒரே உறுதிமொழியில் இடம் தருவது எளிதன்று.

தோற்றமும் தந்தையின் வழியும்

சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த இராபர்ட் பேடன் பவல் 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய தந்தையார் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகவும் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகவும் விளங்கியவர். டார்வினின் கருத்தைத் திருச்சபையினர் பலர் கடுமையாக எதிர்த்த காலத்தில், அதனை வரவேற்று எழுதிய குருமார் மிகச் சிலர். அச்சிலருள் அவரும் ஒருவர். இயற்கையின் ஒழுங்கை ஆராய்வது இறைப்பற்றுக்குப் பகையன்று என்பது அவர் கொள்கை. மகனுக்கு மூன்று வயதாகும்போதே அவர் மறைந்துவிட்டார். எனினும், காட்டையும் விண்மீன்களையும் கண்டு வியப்பதில் வழிபாட்டின் தொடக்கத்தைக் கண்ட மகனின் போக்கில் தந்தையின் சாயலைக் காண முடிகிறது.

படைத்தலைவராகப் பணியாற்றிய பேடன் பவல், தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் நகரம் 217 நாள்கள் முற்றுகையிடப்பட்டபோது அதனைக் காத்து நின்று புகழ்பெற்றார். அந்நகரில் செய்தி கொண்டுசெல்லுதல் முதலிய பொறுப்புகளைச் சிறுவர்கள் திறம்படச் செய்ததை அவர் நேரில் கண்டார். நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தால் சிறுவர் தகுதிமிக்கவராக உயர்வர் என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் வலுப்பெற்றது. 1907-ஆம் ஆண்டு ஆகத்து முதல் நாள் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களுடன் அவர் ஒரு முகாமைத் தொடங்கினார். செல்வர் பயிலும் பள்ளிகளிலிருந்து சிலரும் எளிய குடும்பங்களிலிருந்து சிலரும் அங்கு ஒரே கூடாரத்தில் தங்கினர். வகுப்பு வேறுபாடு ஆழ வேரூன்றியிருந்த அன்றைய இங்கிலாந்தில் அது சிறிய செய்தியன்று. அடுத்த ஆண்டு அவர் எழுதிய 'சிறுவர்க்கான சாரணியம்' என்னும் நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. கடவுளுக்கும் மன்னருக்கும் ஆற்றும் கடமையைக் கூறும் முதல் உறுதிமொழி அந்நூலில் இடம்பெற்றது.

அக்காலத்தில் சிறுவர்க்கெனச் செயல்பட்ட வேறு அமைப்புகளும் இருந்தன. 1883-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஸ்மித் தொடங்கிய சிறுவர் படை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. கிறித்தவ நெறியைச் சிறுவரிடையே வளர்ப்பதே தன் நோக்கம் என்று அது வெளிப்படையாக அறிவித்தது. பேடன் பவல் அதன் பணிகளை மதித்தவர். பிரவுன்சீ முகாமில் கலந்துகொண்ட எளிய குடும்பத்துச் சிறுவர்கள் அப்படையைச் சேர்ந்தவர்களே. இருந்தும், தம் இயக்கத்திற்கு அவர் அந்நோக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கடவுளுக்குக் கடமை ஆற்றுக என்றார். எந்தக் கடவுளுக்கு, எந்த முறையில் என்று சொல்லவில்லை. அவர் வகுத்த விதிகள் தொடக்கத்தில் ஒன்பது, பின்னர்ப் பத்து. அவற்றுள் ஒன்றுகூட வழிபாட்டைப் பற்றியதன்று. நம்பகம், விசுவாசம், உதவி, தோழமை, கனிவு, உயிரிரக்கம் என்று எல்லாமே நடத்தையைப் பற்றியவை.

அமெரிக்காவில் நிலைமை சற்று வேறு. 1911-ஆம் ஆண்டு அந்நாட்டுச் சாரணர் அமைப்பு விதிகளைப் பன்னிரண்டாக விரித்துக்கொண்டது. பன்னிரண்டாவது விதி, சாரணர் பயபக்தி உடையவர் என்பது. அவ்விதியின் விளக்கத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. சாரணர் தம் சமயக் கடமைகளைத் தவறாது செய்ய வேண்டும் என்பது ஒரு பகுதி. பிறருடைய வழக்கங்களையும் சமய நம்பிக்கைகளையும் மதிக்க வேண்டும் என்பது மற்றொரு பகுதி. பயபக்தி என்பதைத் தன் கடவுளின்முன் தலைதாழ்த்துவது என்று மட்டும் கொள்ளாமல், அடுத்தவர் தலைதாழ்த்தும் இடத்தில் அமைதி காப்பது என்றும் கொண்டமை கருதத்தக்கது.

திறந்தவெளி வழிபாடு

பேடன் பவலின் கருத்தில் சமயம் சிக்கலான ஒன்றன்று. இறைவனை நேசித்து அவனுக்குப் பணி செய்வதும், அயலாரை நேசித்து அவர்க்குப் பணி செய்வதுமே அதன் சாரம் என அவர் எழுதினார். இவற்றுள் இரண்டாவதைச் சிறுவர் புரிந்துகொள்ளும் எளிய பழக்கமாக மாற்றியது அவருடைய தனித்திறன். நாள்தோறும் ஒரு நற்செயலேனும் செய்ய வேண்டும். அதற்குக் கைம்மாறு பெறலாகாது. மறந்துவிடாதிருக்கக் காலையில் கழுத்துத் துணியில் ஒரு முடிச்சு இட்டுக்கொள்ளுமாறு அவர் அறிவுறுத்தினார். முடிச்சு எஞ்சியிருந்தால் அன்றைய கடனும் எஞ்சியிருக்கிறது என்று பொருள். அறத்தை நாளை நாளை என ஒத்திவைக்கும் மனித இயல்பை நன்கறிந்தவரின் உத்தி அது.

முதலாவதைக் கற்பிக்க அவர் நாடியது இயற்கையை. தடம் பார்த்துச் செல்லும் சாரணர், மிதிபட்ட புல்லையும் ஒடிந்த கிளையையும் கூர்ந்து நோக்கக் கற்கிறார். எறும்பின் வரிசையையும் பறவையின் கூட்டையும் நிலவின் போக்கையும் கவனிக்கிறார். இக்கூர்நோக்கு வியப்பைத் தரும். வியப்பு பணிவைத் தரும். பணிவே வழிபாட்டின் வாயில் என்பது அவர் எண்ணம். விடுமுறை நாள்களில் முகாமில் சாரணர் தாமே நடத்தும் எளிய வழிபாட்டுக் கூட்டங்களை அவர் ஊக்குவித்தார். அதில் நீண்ட சொற்பொழிவு இருக்காது. ஒரு பாடல், ஒரு வாசிப்பு, சாரண விதிகளைப் பற்றிய சிந்தனை, சிறிது மௌனம் ஆகியவையே இருக்கும். அக்கூட்டம், அவரவர் தம் வழிபாட்டிடத்தில் செய்யும் வழிபாட்டிற்கு மாற்றாக எண்ணப்படவில்லை.

இவ்வளவு நெகிழ்வான அணுகுமுறையை எல்லாரும் ஏற்றுக்கொண்டனர் என்று எண்ணிவிடக் கூடாது. சமயம் என்பது வெறும் நல்லெண்ணமும் இயற்கைக் காட்சியும்தானா என்று திருச்சபையினர் சிலர் வினவினர். அவ்வினாவிற்கு நியாயம் உண்டு. ஆழ்ந்த சமயப்பற்று உடையவர்க்கு நோன்பும் மறைநூலும் சடங்கும் அணிகலன்கள் அல்ல, உயிரின் உறுப்புகள். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பொதுவான இறையுணர்வை மட்டும் பேசுவது அவர்களுக்கு நிறைவு தராது.

பிரான்சு நாட்டில் இவ்வினாவிற்கு வேறொரு விடை கிடைத்தது. அங்கே சமயம் சாராத சாரணர் அமைப்பு 1911-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. சீர்திருத்தக் கிறித்தவர் தமக்கென ஓர் அமைப்பை வைத்துக்கொண்டனர். 1920-ஆம் ஆண்டு இயேசு சபைத் துறவி ஜாக் செவன் முதலியோர் கத்தோலிக்கச் சாரணர் அமைப்பை உருவாக்கினர். 1923-ஆம் ஆண்டு யூத இளைஞர்க்கான சாரணர் அமைப்பை இராபர்ட் கம்சோன் தொடங்கினார். அப்போது அவர் பதினெட்டு வயதைத் தாண்டாத இளைஞர். பின்னாளில் இசுலாமியச் சாரணர் அமைப்பும் சேர்ந்தது. ஒரே இயக்கம், ஒரே வணக்கம், ஆனால் வழிபாடு தனித்தனி. பலவற்றை ஒன்றாகக் கலக்காமல் அருகருகே நிறுத்தும் முறை இது. பிளவு என்று இதனைக் குறைகூறுவோர் உண்டு. ஆனால், கடுமையான சோதனை ஒன்று வந்தபோது அவ்வமைப்புகளில் ஒன்று நின்ற நிலை எண்ணிப்பார்க்கத்தக்கது.

1940-ஆம் ஆண்டு பிரான்சு இட்லரின் படைகளிடம் வீழ்ந்தது. யூதர்கள் ஒடுக்கப்பட்டனர். யூதச் சாரணர் அமைப்பு, பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளுக்கான இல்லங்களை நடத்தியது. தென்மேற்குப் பிரான்சின் மோசாக் நகரில் இருந்த இல்லம் அவற்றுள் புகழ்பெற்றது. 1942-ஆம் ஆண்டு முதல் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துச் செல்லும் கொடுமை பெருகியது. இல்லங்களில் இருந்த குழந்தைகளைக் கலைத்து, கிறித்தவ மடங்களிலும் பள்ளிகளிலும் உழவர் வீடுகளிலும் மறைத்து வைக்க வேண்டிய நிலை உருவானது. சாரண இளைஞர்கள் ஒரு மறைவான வலையமைப்பின் வழியே அப்பணியைச் செய்தனர். குழந்தைகளுக்குப் புதுப்பெயர் சூட்டினர்; போலி அடையாள அட்டைகளைத் தம் கையாலேயே உருவாக்கினர். அகப்பட்டால் சாவு உறுதி.

சாரணர் நம்பத்தக்கவர் என்னும் விதியை ஏற்றவர்கள் அரசு முத்திரையைப் போலியாகச் செய்தார்கள். இது முரண்பாடு அன்றோ? குற்றமற்ற நன்மையை விளைவிக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு விலக்கு வைத்திருக்கிறார். தமிழ் மாணவர்க்கு அக்குறளே இம்முரண்பாட்டை விளக்கப் போதும். தம் சமய அடையாளத்தைக் காக்கத் தொடங்கப்பட்ட அமைப்பு, குழந்தைகளின் உயிரைக் காக்க அவ்வடையாளத்தையே மறைக்க வேண்டியிருந்தது. அவர்களை ஏற்று மறைத்து வைத்தவர்களோ வேற்றுச் சமயத்தார். கடவுளுக்குக் கடமை, பிறர்க்கு உதவி என்னும் இரண்டு விரல்களும் பிரிக்க முடியாமல் ஒன்றுபட்ட இடம் அது.

தெரிந்து தெளிவோம்

சாரணர் என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் காவிரிக்கரையில் சாரணர்களைக் கண்டு வணங்குகின்றனர். அங்கு அச்சொல், ஓரிடத்தில் தங்காது திரிந்து அறம் உரைக்கும் சமண முனிவரைக் குறிக்கிறது. ஒற்றர் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. திரிந்து சென்று அறிந்து வருதல் என்பதே இரண்டிற்கும் பொது. இன்றைய இயக்கத்திற்கும் பண்டைய முனிவருக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை. மொழிபெயர்ப்பில் வாய்த்த பொருத்தமே இது.

இந்தியாவில்

இந்தியாவில் சாரணர் இயக்கம் 1909-ஆம் ஆண்டு தொடங்கியது. ஆயினும், அது ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இந்தியச் சிறுவர்களுக்கு அதன் கதவு திறக்கவில்லை. மன்னருக்கு விசுவாசம் என்று உறுதிமொழி வாங்கிய இயக்கம், மன்னரின் குடிகளுள் பெரும்பான்மையோரை நம்பவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், ஜார்ஜ் அருண்டேலின் துணையுடன் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். அதன் சாரணர்கள் அயல்நாட்டுத் தொப்பிக்கு மாற்றாகத் தலைப்பாகை அணிந்தனர். இந்தியப் பாடல்களைப் பாடினர். வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் அலகாபாத்தில் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை நிறுவினர். கும்பமேளாவில் திரளும் பயணிகளுக்குத் தொண்டு செய்வதைச் சேவா சமிதி தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. கூட்டத்தில் வழிதவறியவரைச் சேர்ப்பித்தலும் நோயுற்றவரைக் கவனித்தலும் அங்கே வழிபாட்டின் ஒரு பகுதி ஆயின.

1921-ஆம் ஆண்டு பேடன் பவல் இந்தியாவிற்கு வந்தபோது அன்னி பெசன்டின் சங்கம் தாய் அமைப்புடன் இணைந்தது. சேவா சமிதியினர் இணையவில்லை. விடுதலைக்குப் பின், 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பல்வேறு சாரணர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து பாரத சாரண இயக்கம் உருவானது. மறு ஆண்டு சாரணியர் அமைப்பும் இணைந்தது. உறுதிமொழியில் மன்னர் இருந்த இடத்தில் நாடு வந்து அமர்ந்தது. மன்னரை மாற்றுவதில் எவருக்கும் தயக்கம் இருக்கவில்லை. கடவுள் என்னும் சொல்லை என் செய்வது என்பதே கடினமான வினா.

பௌத்தமும் சமணமும் பிறந்த மண் இது. உலகைப் படைத்த ஒருவன் என்னும் கருத்தை அவ்விரு நெறிகளும் ஏற்பதில்லை. ஆயினும், அவற்றைவிடக் கடுமையான ஒழுக்கத்தை வற்புறுத்திய நெறிகள் அரியன. எண்ணற்ற வடிவங்களில் இறைவனை வழிபடுவோரும், உருவமற்ற ஒரே இறைவனை வணங்குவோரும், பகுத்தறிவின் துணையால் கடவுளை மறுப்போரும் ஒரே வகுப்பறையில் அமர்ந்திருக்கும் நாடும் இதுவே. அடிக்குறிப்பில் இடம்பெற்ற தருமம் என்னும் சொல் அவர்கள் அனைவர்க்கும் கையில் எட்டும்படி வைக்கப்பட்டது.

தமிழில் தருமம் என்பது பேச்சுவழக்கில் இரப்போர்க்கு இடும் ஈகை என்று பொருள் சுருங்கிவிட்டது. உறுதிமொழியில் வரும் தருமம் அதுவன்று. அதனை அறம் என்று கொண்டால் அதன் முழுப்பரப்பும் விளங்கும். இச்சொல்லைத் தேர்ந்தெடுப்பவர் எளிய வழியைத் தேடிக்கொண்டார் என்று கருதுவது பொருந்தாது. கடவுளுக்குக் கடமையாற்றுவதாகச் சொன்னவர் வழிபாட்டோடு நிறைவு கொள்ளவும் கூடும். அறத்திற்குக் கடமையாற்றுவதாகச் சொன்னவருக்கு அத்தகைய நிறைவிடம் ஏதுமில்லை. ஒவ்வொரு செயலிலும் அவர் அதனை மெய்ப்பித்தாக வேண்டும்.

சாரண நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் பாடப்படும் இந்திப் பிரார்த்தனைப் பாடலிலும் இதே கவனத்தைக் காணலாம். பரம்பொருளை விளித்து அன்பையும் உளத்தூய்மையையும் தொண்டுள்ளத்தையும் வேண்டும் அப்பாடலில் எந்தவொரு சமயத்திற்கும் தனித்து உரிய கடவுட்பெயர் இல்லை.

முகாம்களில் நடைபெறும் சர்வ சமயப் பிரார்த்தனை இன்னும் ஒரு படி மேலானது. சாரணரும் சாரணியரும் பேச்சின்றி வந்து தரையில் வரிசையாக அமர்கின்றனர். பகவத்கீதை, திருக்குர்ஆன், விவிலியம், குருகிரந்த சாகிப் முதலிய நூல்களிலிருந்து சில பகுதிகள் படிக்கப்படுகின்றன அல்லது பாடப்படுகின்றன. இடையிடையே மௌனம் நிலவுகிறது. கைதட்டல் கிடையாது, இது கலைநிகழ்ச்சி அன்று. அடுத்த கூடாரத்தில் தங்கியிருக்கும் தோழரின் வேண்டுதல் எப்படி ஒலிக்கும் என்பதைப் பல மாணவர்கள் தம் வாழ்வில் முதன்முறையாக அறிந்துகொள்வது அங்கேதான்.

காந்தியடிகளின் மாலைப் பிரார்த்தனைக் கூட்டங்களை இது நினைவூட்டும். 1947-ஆம் ஆண்டு தில்லியில், அக்கூட்டத்தில் திருக்குர்ஆன் பகுதியை ஓதக் கூடாது என்று சிலர் தடுத்தனர். அப்பகுதியை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்திருக்கலாம். காந்தியடிகள் அவ்வாறு செய்யவில்லை. அன்றைய பிரார்த்தனையையே நிறுத்திக்கொண்டார். எல்லாச் சமயங்களுக்கும் இடமில்லாத பிரார்த்தனை தமக்கு வேண்டியதில்லை என்பது அதன் பொருள். சர்வ சமயப் பிரார்த்தனை வெறும் சடங்காகத் தேய்ந்துவிடக்கூடிய ஒன்று. சில நிமிடங்களில் நான்கு நூல்களை விரைந்து படித்து முடித்தால் பிறர் நம்பிக்கையை மதித்ததாகிவிடாது. கேட்பவர் காதைத் தருவதோடு கவனத்தையும் தர வேண்டும்.

நம்பாதவரின் நேர்மை

கடவுளை நம்பாதவரைப் பற்றிய வினாவிற்கு நாடுகள் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. தாய்லாந்துச் சாரணர் நாடு, சமயம், மன்னர் மூன்றிற்கும் விசுவாசம் காட்டுவதாக உறுதி கூறுகின்றனர். இந்தோனேசியாவில் ஒரே இறைவனுக்குரிய கடமை உறுதிமொழியில் முதலிடம் பெறுகிறது. அமெரிக்க அமைப்பு கடவுள் என்னும் சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. அச்சொல்லை ஏற்க மறுத்த ஒரு சிறுவனும் அவன் தந்தையும் தொடுத்த வழக்கில், அவ்வமைப்பு தன் உறுப்பினர் தகுதியைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என 1993-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அது முடிவு. ஆனால், பொய் சொல்லிச் சேர்வதைவிட உண்மை சொல்லி வெளியே நிற்பதைத் தேர்ந்த அச்சிறுவன், உள்ளே நுழையாமலேயே முதல் விதியைக் கடைப்பிடித்தான் என்பதையும் மறுக்க இயலாது.

இயக்கம் பிறந்த பிரித்தானியாவில் மாற்றம் பின்னரே வந்தது. 2013-ஆம் ஆண்டு அந்நாட்டுச் சாரணியர் அமைப்பு தன் உறுதிமொழியில் கடவுள் என்னும் சொல்லை நீக்கியது. தனக்கு உண்மையாக இருப்பதாகவும் தன் நம்பிக்கைகளை வளர்த்துக்கொள்வதாகவும் கூறும் தொடரை அவ்விடத்தில் வைத்தது. சாரணர் அமைப்பு வேறு வழியில் சென்றது. பழைய உறுதிமொழியை நிலைநிறுத்திக்கொண்டு, கடவுள் நம்பிக்கை இல்லாதவர்க்கு மாற்றுத் தொடர் ஒன்றை 2014-ஆம் ஆண்டு முதல் வழங்கியது. சாரணியர் அமைப்பின் தீர்வு எல்லார்க்கும் ஒரே உறுதிமொழியைத் தந்தது. ஆனால், நம்புவோர் தாம் போற்றிய சொல்லை இழந்தனர். சாரணர் அமைப்பின் தீர்வு எவருடைய சொல்லையும் பறிக்கவில்லை. ஆனால், ஒரே படையில் இருவகை உறுதிமொழிகள் ஒலிக்கின்றன. இந்தியாவின் அடிக்குறிப்பு இரண்டாவது வழியை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கடைப்பிடித்து வருகிறது. உறுதிமொழியின் ஏனைய சொற்கள் அப்படியே இருக்க, ஒரு சொல் மட்டும் மாறுவதால் அங்கே இருவகையினர் என்னும் உணர்வுகூட எழுவதில்லை.

உலகச் சாரணர் அமைப்பின் சாசனம் மூன்று கடமைகளை வரையறுக்கிறது. அவற்றுள் முதலாவதன் பெயர் கடவுளுக்குக் கடமை. அதனை விளக்கும் பகுதியைப் படித்தால் அங்கே கடவுள் என்னும் சொல் வரவில்லை. ஆன்மிக நெறிகளைப் பற்றி நிற்றலும் அவற்றை வெளிப்படுத்தும் சமயத்திற்கு உண்மையாக இருத்தலுமே கூறப்படுகின்றன. ஒரே கடவுளைக் கொள்ளாத சமயத்தவரும் அடங்க வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு எழுதப்பட்டது. தலைப்பில் வைத்ததை விளக்கத்தில் விரித்த இந்நுட்பமும் இந்திய அடிக்குறிப்பும் ஒரே கவலையிலிருந்து பிறந்தவை. எனினும், ஆன்மிகம் என்னும் சொல்லையும் ஏற்காதவர் இருப்பர். எல்லாரையும் அணைக்கும் ஒரு சொல்லை எம்மொழியிலும் கண்டெடுப்பது அரிது.

செயலாகும்போது

கோயில் திருவிழா, தேவாலயப் பெருவிழா, தர்கா கந்தூரி என எங்குப் பெருங்கூட்டம் கூடினாலும் சாரணரைக் காணலாம். குடிநீர் வழங்குகின்றனர், நெரிசலை ஒழுங்குபடுத்துகின்றனர், கூட்டத்தில் அழுதுகொண்டு நிற்கும் குழந்தையைப் பெற்றோரிடம் சேர்க்கின்றனர். கந்தூரியில் தண்ணீர்க் குவளையை நீட்டும் சாரணர் எச்சமயத்தவர் என்று வாங்கிக் குடிப்பவர் கேட்பதில்லை. தேர்த் திருவிழாவில் வழிகாட்டும் சாரணர் உறுதிமொழியில் கடவுள் என்றாரா தருமம் என்றாரா என்பதும் அங்கே எவர்க்கும் தெரியாது.

உறுதிமொழியை ஒருமுறை கூறியதோடு அது முடிந்துவிடுவதில்லை. பத்து, பதினொரு வயதில் கூறியபோது பெரும்பாலும் பெற்றோரின் நம்பிக்கையே மாணவரின் நம்பிக்கையாக இருந்திருக்கும். மேல்நிலை வகுப்புகளுக்கு வரும் வயதில் சாரணர் திரிசாரணர் பிரிவுக்கு உயரலாம். அப்பிரிவில் ஏற்கப்படுவதற்கு முன் அவர் தன்னாய்வு நோன்பு ஒன்றை மேற்கொள்கிறார். வீரத் திருத்தகை பெறுவதற்கு முந்தைய இரவை வழிபாட்டில் கழித்த பழைய ஐரோப்பிய வீரர்களின் வழக்கத்தைத் தழுவிப் பேடன் பவல் ஏற்படுத்திய முறை அது. அமைதியான ஓரிடத்தில் தனித்து அமர்ந்து, தம்மைத் தாமே வினவிக்கொள்வதற்கான வினாக்களின் பட்டியலை அவர் படிக்கிறார். இதுவரை காலத்தை எவ்வாறு செலவிட்டேன், எவர்க்கேனும் தீங்கு இழைத்தேனா, எவற்றை நம்புகிறேன், நம்புவதற்கு ஏற்ப வாழ்கிறேனா என்பன போன்றவை அவ்வினாக்கள். விடைகளை எழுதித் தர வேண்டியதில்லை. எவரும் மதிப்பெண் இடுவதில்லை. எண்ணி முடித்ததும் அவர் எழுந்து வந்து, சிறுவயதில் கூறிய அதே உறுதிமொழியைக் கொடியின்முன் மீண்டும் கூறுகிறார். உடுக்குறியும் அடிக்குறிப்பும் அப்போதும் அவர்க்கு உண்டு.